வேட்பாளர் வாயில் என் தமிழ்

1

நேற்று மார்க்கெட்டில் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரப் பெண் விலையைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தாள்.

“யம்மா, இன்னொரு தபா பேசு.”

“கத்திரிக்காய் என்ன விலைம்மா?”

“அய்யோ, அதே கொரலு! நீதான டிவில பேசிக்கினு இருந்த? எங்க நைனா சோறு துன்றத வுட்டுட்டு உன் பேச்சக் கேட்டுக்கினு இருந்தாரு. இரு, போன் போட்டுத் தரேன். ஒரு வார்த்த பேசிடு.”

நகரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து திருப்பதியில் காய் விற்கிறவள். கையில் கத்திரிக்காயோடு முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் நலம் விசாரித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அடுத்த எலெக்சன எப்பம்மா வெக்கப் போற?”

ஏதோ நான்தான் தேர்தல் நடத்துகிறேன் என்பது போல! வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கும்பகோணத்தில் இருக்கிற நீங்களும் போன் செய்யும்போதெல்லாம் “டிவியில் வந்தியாமே, என்னடி கூத்து?” என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

2

புலம்பெயர்ந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் கடல் எதையும் தாண்டவில்லை. மாநில எல்லையைத் தாண்டினேன், அதுவும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே. கண் விழித்தபோது கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. என் கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதி ஊரை நான் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

முதல் சோதனை மகள் தாரிணியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது. சொந்த ஊர் எது என்று குமாஸ்தா கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கும்பகோணம்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏ கும்பகோணம் மேடம்?”

எந்தக் கும்பகோணமா? “ஒரே கும்பகோணம்தான் சார் இருக்கு, தஞ்சாவூர் பக்கத்துல” என்றேன். அலுவலகமே குலுங்கிச் சிரித்தது. தெலுங்கில் கும்பகோணம் என்றால் ஊழல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ! டிவியைத் திறந்தால் மணலில் கும்பகோணம், நிலத்தில் கும்பகோணம், டெண்டரில் கும்பகோணம். என் மாமியார் வந்து தங்கியிருந்தபோது செய்தி கேட்டுவிட்டு, “தினமும் நம்ம ஊரைப் பத்திச் சொல்றாங்களே, இங்க அவ்வளவு மரியாதையா?” என்று பூரித்துப் போனார். “ஆமாம் அத்தை” என்றேன். வேறென்ன சொல்ல?

தாரிணி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் எண்ணுவது ஆங்கிலத்தில், சண்டை போடுவது தெலுங்கில், பசித்தால் மட்டும் தமிழ் வரும். பள்ளிச் சான்றிதழ்களின்படி அவள் லோக்கல். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் நான்-லோக்கல். ஒரே சட்டிச் சாம்பாரைத்தான் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம்.

நான் டிவிக்குள் நுழைந்தது புடவைக் கடை வழியாக. மலையிலிருந்து இறங்கி வரும் தமிழ்நாட்டு பக்தர்கள் புடவை வாங்காமல் ஊர் திரும்பமாட்டார்கள் அல்லவா? அவர்களுக்காகத் தமிழில் விளம்பரம் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தார், இங்கே ஒரு கேபிள் சேனல் நடத்தும் பாஸ்கர். கடையில் நான் பேரம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர், “சண்டை போடும்போதே இவ்வளவு இனிமையா உந்தி மேடம், சாந்தமா பேசினா எப்படி இருக்கும்?” என்றார். தெலுங்கில் உந்தி என்றால் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த ஊர்ப் பட்டுப்புடவைகளின் தமிழ்க் குரல் நான்தான்.

3

எல்லைப் பக்கத்து மண்டலம் ஒன்றில் (நம் ஊர் ஒன்றியம் மாதிரி) ஜில்லா பரிஷத் தேர்தல் வந்தது. அங்கே பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைக்கும் குடும்பங்கள். வேட்பாளர்கள் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்து விவாதம் நடத்துவது, அவர்கள் தெலுங்கில் பேசப் பேச நான் தமிழில் சொல்வது, தமிழை இன்னொரு சேனலில் விடுவது என்று பாஸ்கர் திட்டம் போட்டார். புடவைக்கும் வேட்பாளருக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நானும் தலையாட்டினேன்.

சேனல் அலுவலகம் ஒரு டிபன் ஓட்டலுக்கு மேல் மாடி. விவாத அறைக்கு அடுத்த சின்ன அறையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் ரஜாய்ப் போர்வை தொங்கவிட்டு என்னை உட்கார வைத்தார்கள். காற்று வேண்டும் என்பதால் கதவு பாதி திறந்திருக்கும். காதில் ஹெட்போன், மூக்கில் சாம்பார் வாசனை.

வேட்பாளர்களில் ஒருவர் சுதாகர். காண்ட்ராக்டர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அந்த மண்டலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இன்னொருவர் வசந்தம்மா. திருத்தணிப் பக்கம் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர். மாந்தோப்பு, கறவை மாடுகள், நிறையப் பேரப்பிள்ளைகள்.

விவாதம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் விஷயத்தைப் பேசவில்லை, விஷயத்துக்கு முன்னால் ஒட்டுகிற சொல்லைப் பேசுகிறார்கள். மண்டலத்தில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சுதாகர் அதை ‘சாரித்ராத்மக’ தொட்டி என்றார். வரலாறு படைத்த தொட்டி! வசந்தம்மா ‘நாசிரகம்’ என்றார். மட்டரகம். ஒரு மணி நேரம் அந்தத் தொட்டி இந்தப் பக்கம் வரலாறாகவும் அந்தப் பக்கம் மட்டரகமாகவும் உருண்டுகொண்டிருந்தது.

வசந்தம்மாவின் வித்தை தனி. அவர் யாரையும் திட்டமாட்டார். “பாவம், சுதாகர் நல்ல மனுஷன், உழைப்பாளி, பெரியவங்கள மதிக்கிறவர்…” என்று தெலுங்கில் அடுக்கிக்கொண்டே போய், மூச்சு வாங்கி, “ஆனா…” என்பார். அந்த ‘பாவ’த்திலேயே பாதி ஓட்டு கழன்றுவிடும். சுதாகர் மறுக்கவும் முடியாது. நல்ல மனுஷன் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்ள முடியுமா?

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சொல் வந்து விழ விழ நானும் பிடித்துப் பிடித்துப் போட்டேன். சுதாகர் கடைசியாக நெஞ்சில் கை வைத்து, “ஈ மண்டலம்லோ புட்டினந்துக்கு நாக்கு சாலா கர்வங்கா உந்தி” என்றார். நானும் பட்டுப்புடவைக் குரலில், ஒவ்வொரு எழுத்தும் மணியாக, “இந்த மண்டலத்தில் பிறந்ததால் எனக்கு ரொம்பக் கர்வம்” என்றேன்.

தெலுங்கில் அது பெருமை. தமிழில் அது திமிர். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் அவர், “நேனு மொண்டிவாண்ணி” என்றார். பிடிவாதக்காரன் என்று அர்த்தம். நான் “நான் ஒரு மொண்…” வரை போய்விட்டேன். நொண்டி என்று ஆகிவிடுமே! “மொண்… முரட்டுப் பிடிவாதக்காரன்!” என்று பாய்ந்து பிடித்தேன். அதைக் காப்பாற்றிவிட்டேன். கர்வம் போனது போனதுதான்.

4

விவாதம் முடிந்து மைக்கைக் கழற்றுவதற்குள் சுதாகரின் போன் அடிக்கத் தொடங்கியது. தமிழ்க் கிராமங்களிலிருந்து அவருடைய ஆட்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே என் அறைக்குள் வந்தார்.

“அண்ணா, நீ ஏன்னா டிவில ஒக்காந்துக்கினு எனக்குத் திமிருன்னு சொல்ற? இங்க எல்லாரும் சிரிச்சுக்கினு கீறாங்க!”

சுதாகர் என்னைப் பார்த்தார். பின்னாலேயே வந்த பாஸ்கரும் பார்த்தார். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஒரே ஆச்சரியம்.

“தமிழ்ல கர்வம் தப்பா?”

“ஆமா சார்.”

“ஒரு மனுஷன் கர்வப்படவே கூடாதா, மீ தமிழ்நாட்டுல?”

“படலாம் சார். அதுக்குப் பேர் பெருமை.”

“பெருமை.” வாயில் போட்டு ருசி பார்த்தார். “பெருமாள் மாதிரி உந்தி. ஞாபகம் இருக்கும்.” வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, “அடுத்த டிபேட்ல நான் எது சொன்னாலும் கொஞ்சம் நல்ல மாட்டா போடுங்கம்மா. நான் ‘மஞ்சி’ன்னா நீங்க ‘உத்தமம்’னு சொல்லுங்க. மீக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

மாட்டா என்றால் சொல்; மஞ்சி என்றால் நல்ல. பாஸ்கர் சொன்னார்: “மேடம், இன்னொரு தப்பு வந்தா சேலை விளம்பரத்துக்குக்கூட வேற குரல்தான்.”

வீட்டில் அதைவிட மோசம். அந்த வீடியோத் துண்டு, பாட்டெல்லாம் சேர்த்து, தாரிணியின் வகுப்பு வரை போய்விட்டது. எனக்குக் ‘கர்வம் ஆன்ட்டி’ என்று பெயராம். நாளைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று தெலுங்கில் அழுதாள். “நீ எந்துக்கும்மா டிவில பேசற? மத்தவங்க அம்மா எல்லாம் பேசறாங்களா?”

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விட மனசில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, “சரி, நீ வேட்பாளர். என்னைத் திட்டு. தெலுங்குல எவ்வளவு கெட்ட பட்டம் இருக்கோ எல்லாத்தையும் வீசு” என்றேன்.

முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். “துர்மார்குடு.”

“கொடியவன்!”

“சேதகானிவாடு.”

“கையாலாகாதவன்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். “அத்புதம்!” “அற்புதம்!” “கர்வம்!” “பெருமை!” “மொண்டி!” “பிடிவாதம்!” இரண்டு பேரும் கத்திய கத்தலில் குக்கர் விசில் காதில் விழவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், கொடியவன், கையாலாகாதவன் என்று உள்ளே மனைவி கத்துவதைக் கேட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றிருந்தார். அவரைக் கண்டதும் தாரிணி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து இறங்க முடியவில்லை.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: “அந்தத் தொட்டில தண்ணி வருதா, வரலியாம்மா?”

யோசித்துப் பார்த்தேன். “அதை ரெண்டு பேரும் சொல்லலைடி.”

5

இரண்டாம் விவாதத்தில் கடைசி வரைக்கும் நான் தப்பே செய்யவில்லை. ‘மஞ்சி’க்கு ‘நல்ல’தான் போட்டேன், உத்தமம் போடவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் பாஸ்கர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சுதாகருக்கோ சொற்கள் தீர்ந்துகொண்டிருந்தன. வசந்தம்மா அவரை மூன்றாவது தடவையாகப் “பாவம்” என்றதும் அவர் நிதானம் தவறினார். “ஈமெ நான்-லோக்கல்!” என்று மேஜையைத் தட்டினார். “பதகடானிகி ஒச்சிந்தி!”

பிழைக்க வந்தவள்.

இதை எப்படியும் மென்மையாக்கலாம். வெளியூரைச் சேர்ந்தவர் என்று சொல்லலாம். புதிதாக வந்து குடியேறியவர் என்று சொல்லலாம். அவர் கேட்டுக்கொண்ட ‘நல்ல மாட்டா’ இதுதான். ஆனால் வந்தது வந்தபடி போக வேண்டும். புடவை விளம்பரம் பேசுவதைப் போலவே அமைதியாக, தெளிவாக, “இந்த அம்மா நான்-லோக்கல். இங்கே பிழைக்க வந்தவர்” என்றேன். பத்து வருஷத்துக்கு மேலாக எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் நின்று என் காதால் கேட்ட சொல்லை, முதல் தடவையாக என் வாயால் சொன்னேன்.

வசந்தம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு சிரித்தார். கோபச் சிரிப்பில்லை. குழந்தை ஏதோ உளறிவிட்டதைக் கேட்டுச் சிரிப்பதைப் போல நிஜமாகவே சிரித்தார்.

“அவுனு, பதகடானிகே ஒச்சினா. சாவடானிகி எவரைனா ஒஸ்தாரா?”

அடடா! மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “ஆமாம், பிழைக்கத்தான் வந்தேன்! சாகறதுக்கா யாராவது ஒரு ஊருக்கு வருவாங்க?”

நான் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் கத்தியிருக்கிறேன். ரஜாயும் தடுக்கவில்லை, பாதி திறந்த கதவும் தடுக்கவில்லை. விவாத அறையின் மைக் என் குரலைப் பிடித்துத் தெலுங்குச் சேனலிலும் விட்டுவிட்டது. கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. கீழே ஓட்டலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டுவது மாடி வரை கேட்டது. நல்லவேளை, சுதாகரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் முறைப்படி புகாரும் கொடுத்தார்.

பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். “அர்த்தம் கரெக்ட் மேடம். சவுண்டுதான் தப்பு.”

“நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலையே சார்.”

“சேர்க்கலை. ஆனா நீங்க ஓட்டு போட்டுட்டீங்க. வாயால.”

அவர் சொன்னது நியாயம். அடைமொழி எல்லாம் வேட்பாளர்களிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் தொண்டையிலும் ஒன்று இருந்திருக்கிறது. விளம்பரத்துக்கு வேறு குரல் பார்த்துக்கொள்கிறேன் என்று பாஸ்கர் சொல்ல, நான் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். வேலை போன துக்கத்தில் இருக்க வேண்டியவள், கீழே ஓட்டல்காரர் வற்புறுத்திக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். வீட்டில் தாரிணி கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “அம்மா, என் பிரெண்ட்ஸ் எல்லாம் நீ எவரி பார்ட்டின்னு அடுகுதுன்னாரு!” நான் எந்தக் கட்சி என்று கேட்கிறார்களாம்.

6

வாக்கு எண்ணிக்கை அன்று மத்தியானம் பாஸ்கரே போன் செய்தார். வேறு குரல் போட்டுப் பார்த்தாராம். “அந்த அரிச்சே அம்மா எங்க?” என்று எல்லைக் கிராமங்களிலிருந்து ஓயாமல் போனாம். அரிச்சே அம்மா என்றால் கத்துகிற அம்மா. சாயங்காலம் அந்த மண்டலத்துப் பஸ் ஸ்டாண்டில் மேடை போட்டு, ஜெயித்தவரையும் தோற்றவரையும் நிற்க வைத்து நேரடி ஒளிபரப்பு. “வாங்க மேடம். மைக் மட்டும் கொஞ்சம் தூரமா வைக்கிறேன்.”

தாரிணியையும் அழைத்துக்கொண்டு போனேன். சுதாகர் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். கழுத்து தெரியாமல் மாலை. வசந்தம்மாவும் வந்து ஒரு மாலை போட்டுவிட்டு, மேடையில் ஓரமாக நின்றார். நான் மேடைக்குக் கீழே மைக்கோடு தயாராக நின்றேன். சுதாகர் என்னைப் பார்த்துக் கை அமர்த்தினார். “இன்னைக்கு மீரு வேண்டாம். நானே தமிழ்ல பேசறேன்.”

கூட்டம் ஆரவாரித்தது. அவர் நெஞ்சில் கை வைத்தார். “எனக்கு… ரொம்ப… பெருமை!”

விசில் பறந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில் தொடர்ந்தார்: “உங்க அவசரம் எல்லாம் எனக்குத் தெரியும்!”

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. உங்கள் தேவை எல்லாம் அறிவேன் என்கிறார் மனிதர். தமிழில், அதுவும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்திடம், அவசரம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டே வெடித்தது. பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். “தேவை சார், தேவை!” என்று நான் கீழேயிருந்து கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவரோ ஜனங்கள் மகிழ்ச்சியில் ஆரவாரிப்பதாக நினைத்து, இன்னும் உரக்க, “உங்க அவசரம்தான் என் அவசரம்!” என்றார்.

அப்போது வசந்தம்மா முன்னால் வந்து மைக்கை வாங்கினார். அவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

“ஆமாங்க, அவசரந்தான். இந்த பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கீதா? வேலைக்குப் போற பொண்ணுங்க காலைலேர்ந்து தண்ணி குடிக்காம போய்க்கினு கீதுங்க. நான் ஜெயிச்சா கட்டலாம்னு இருந்தேன். நீ ஜெயிச்சுட்ட. நீ கட்டு.”

சுதாகர் மேடையிலிருந்தபடியே குனிந்து என்னைப் பார்த்தார். இது முழுசாகப் புரியவில்லை. நான் ஒவ்வொரு வார்த்தையாகத் தெலுங்கில் சொன்னேன். கத்தாமல், சேர்க்காமல், குறைக்காமல். அவர் முகத்திலிருந்த கல்யாணக் களை மெதுவாக இறங்கியது. கூட்டத்தைப் பார்த்தார். அந்தப் பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரே. கட்டிஸ்தா” என்றார்.

“சரி. கட்டித் தரேன்” என்றேன் நான்.

அந்தத் தேர்தல் முழுக்க அவர் அடைமொழி போடாமல் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

7

போன வாரம் நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்தப் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தோம். நிஜமாகவே கட்டியிருக்கிறார்! ரோஜா நிறச் சுவர். வாசலுக்கு மேல் தெலுங்கிலும் தமிழிலும் பலகை. தாரிணி தமிழ்ப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: “அ… தி… ந… வீ… ன… கழிப்பறை. அதிநவீன அன்டே என்னம்மா?”

“உள்ள போய்ப் பார்த்துட்டு வா. உனக்கே தெரியும்.”

பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். நானும் வசந்தம்மா கட்சிக்காரி போலக் கொஞ்சம் படபடப்போடு வெளியே நின்றேன். திரும்பி வந்தவள் கையை உதறிக்கொண்டே சொன்னாள்:

“தாப்பாள் இருக்கும்மா. போட்டா நல்லா விழவும் செய்யுது.”